‘12 வோல்ட்தானே!’: மோட்டார்ஹோமின் மின்பழுதை யார் பார்ப்பது?

அமெரிக்க மோட்டார்ஹோம்காரர்களிடையே ஓர் அறிவுரை நெடுநாளாகப் புழங்குகிறது. கோளாறு 12 வோல்ட் பக்கம் என்றால் நீயே கை வைக்கலாம். 120 வோல்ட் பக்கம் என்றால் ஆளைக் கூப்பிடு. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் 120 என்ற இடத்தில் 230 என்று போட்டுக்கொள்கிறார்கள். மற்றபடி பேச்சு அதேதான். மின்சாரத்தின் ஆபத்து ஷாக் மட்டும்தான் என்றால் இந்தக் கோடு சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. ஆனால் மின்சாரம் ஆளையும் அடிக்கும், வயரையும் சுடவைக்கும். முதலாவது வோல்ட்டைப் பொறுத்தது, இரண்டாவது ஆம்பியரைப் பொறுத்தது. இன்றைய மோட்டார்ஹோமில் ஆம்பியர் மிகுந்து ஓடும் இடம் 12 வோல்ட் பக்கம்தான்.

நம் ஊரில் கேரவன் என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி நினைவுக்கு வரும். மோட்டார்ஹோமும் அந்தக் குடும்பம்தான். படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் தன்னுள் அடங்கி, தானே ஓடும் வண்டி. இதற்குள் மூன்று மின் ஏற்பாடுகள் பக்கத்துப் பக்கத்தில் குடியிருக்கின்றன. எஞ்சினைக் கிளப்பவும் ஹெட்லைட் எரியவும் வண்டியின் சொந்த பேட்டரி. உள்விளக்கு, தண்ணீர் பம்ப், மின்விசிறி, ஹீட்டர் ஆகியவற்றுக்குத் தனியாக ஒரு 12 வோல்ட் ‘வீட்டு’ பேட்டரி. ஏசி, மைக்ரோவேவ், சுவர் பிளக்குகளுக்கு வீடுகளில் வருவது போன்ற மாறுமின்சாரம். பழுதுகளில் பல இந்த மூன்றும் ஒன்றையொன்று தொடும் இடங்களில்தான் முளைக்கின்றன.

சொந்தக்காரரே ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுப்பதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்க முடியாது. அமெரிக்காவின் இவ்வகை வண்டிகளில் பெரும்பகுதி இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில் கட்டப்படுகிறது. பெருந்தொற்றுக் காலத்தில், 2021-இல், காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வகைகளையும் சேர்த்து சுமார் 6 லட்சம் வண்டிகள் தொழிற்சாலைகளை விட்டு வெளியேறின. அதுவரை காணாத உச்சம். வண்டிகள் பெருகிய வேகத்தில் மெக்கானிக்குகள் பெருகவில்லை. பட்டறையில் விட்டால் வாரக்கணக்கில் நிற்கும். விடுமுறைக்கு மட்டும் வண்டி ஓட்டுபவருக்கு அது எரிச்சல். வண்டியே வீடாக இருப்பவருக்கு அது தெருவில் நிற்பது. ஜெசிகா புரூடர் 2017-இல் எழுதிய ‘நோமேட்லேண்ட்’ நூலில் வருகிறவர்கள் இந்த இரண்டாம் வகை: வாடகை கட்ட முடியாமல் வண்டிக்குக் குடிபெயர்ந்த முதியவர்கள். அவர்களிடம் போய் ‘தகுதி பெற்ற நிபுணரை அணுகவும்’ என்று சொல்வது அறிவுரையாகவே ஆகாது.

உத்தரவாதம் போய்விடும் என்று பயமுறுத்துவதும் உண்டு. அமெரிக்காவின் 1975-ஆம் ஆண்டு மேக்னசன்–மாஸ் சட்டப்படி, சொந்தக்காரர் கைவைத்தார் என்ற ஒரே காரணத்தால் முழு உத்தரவாதத்தையும் ரத்து செய்ய முடியாது. அவர் செய்த வேலையால்தான் கெட்டது என்றால் மட்டும் அந்தப் பாகத்துக்கு மறுக்கலாம்.

எந்தப் பக்கம் கை வைத்தாலும் முதல் சிக்கல் ஒன்றுதான்: கரண்ட் உண்மையிலேயே நின்றுவிட்டதா? வீட்டில் மெயினை அணைத்தால் பெரும்பாலும் கதை முடிந்தது. மோட்டார்ஹோமில் மின்சாரம் வர ஐந்து வழிகள். முகாம் திடலின் மின்பெட்டியிலிருந்து வரும் கேபிள், ஜெனரேட்டர், இன்வெர்ட்டர், கூரையில் சோலார், ஓடும் எஞ்சினின் ஆல்டர்னேட்டர். கேபிளைப் பிடுங்கிவிட்டோம் என்ற நிம்மதியில் சுவர் பிளக்கைக் கழற்றினால், இன்வெர்ட்டர் அதற்கு 120 வோல்ட்டை ஊட்டிக்கொண்டே இருக்கும். சில வண்டிகளில் பேட்டரி இறங்கியதும் ஜெனரேட்டர் தானாகக் கிளம்பும். அதை மறந்தவர் கையில் வயரோடு நிற்பார். பகல் வெளிச்சத்தில் சோலார் பேனலுக்கு அணைப்பு என்பதே கிடையாது. மூடி வைக்கலாம், இணைப்பைப் பிரிக்கலாம், அவ்வளவுதான். அதிலும் பேனலை முதலில் பிரித்துவிட்டுத்தான் பேட்டரியைப் பிரிக்க வேண்டும். மாற்றிச் செய்தால் பல கன்ட்ரோலர்கள் கெட்டுப்போகும். ஆகவே ‘மெயினை ஆஃப் செய்க’ என்று ஒரே வரியில் கடந்துபோகும் கையேடு மோட்டார்ஹோமுக்கு எழுதப்பட்டதல்ல.

12 வோல்ட் பக்கத்தின் அன்றாடக் கோளாறுகளைப் பெரும்பாலும் சொந்தக்காரரே தீர்க்கலாம், தீர்க்கவும் வேண்டும். இங்கே முதல் எதிரி தூரம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 10 ஆம்பியரை 5 மீட்டர் தள்ளி அனுப்பினால், போக வர 10 மீட்டரில் ஏறக்குறைய 0.7 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். 12-இல் அது 6 சதவீதம். பம்ப் முனகும், விளக்கு மங்கும். இதே 120 வாட்டை 230 வோல்ட்டில் அனுப்பினால் ஓடுவது அரை ஆம்பியர். இழப்பு கணக்கிலேயே வராது. வீட்டு வயரிங் பழகியவர்கள் மோட்டார்ஹோமில் மெல்லிய வயர் போட்டுக் குழம்புவது இதனால்தான்.

இரண்டாவது எதிரி மைனஸ் பக்கம். பிளஸ் வயரை எல்லோரும் அக்கறையாகத் தேடிப் பார்ப்பார்கள். திரும்பி வரும் கரண்ட் பாதி தூரம் வண்டியின் சேசிஸ் வழியாகவே போகிறது. பாடி எர்த் போல்ட் வண்டிக்கு அடியில், மழைநீரும் குளிர்நாடுகளில் சாலையில் தூவும் உப்பும் படும் இடத்தில் இருக்கும். அது துருப்பிடித்தால் சம்பந்தமே இல்லாத நாலு சாதனங்கள் ஒரே நேரத்தில் பேய் பிடித்தது போல நடந்துகொள்ளும்: பம்ப் ஓடினால் விளக்கு மங்கும், விளக்கைப் போட்டால் ஹீட்டர் நிற்கும். நாலையும் தனித்தனியாகக் கழற்றிப் பார்ப்பவருக்கு ஒரு நாள் போகும். போல்ட்டைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து முறுக்குபவருக்கு அரை மணி.

இதைக் கண்டுபிடிப்பதில் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒரு பொய் சொல்லும். பேட்டரியில் 12.6 வோல்ட், விளக்குச் சாக்கெட்டிலும் 12.6 வோல்ட், விளக்கோ எரியவில்லை. மீட்டர் உள்ளே இழுப்பது அணுவளவு கரண்ட். பத்து இழைகளில் ஒன்பது அறுந்திருந்தாலும், மூட்டில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தாலும் அந்த அணுவளவு தாராளமாக வந்து சேரும். பல்பை மாட்டிய நிலையில், சுமை ஓடும்போது அளந்தால்தான் குட்டு வெளிப்படும். பழைய மெக்கானிக்குகள் வைத்திருக்கும் டெஸ்ட் லைட், அதாவது இரண்டு வயர் நீட்டிய ஒரு 21 வாட் பல்பு, இந்த விஷயத்தில் விலை உயர்ந்த மீட்டரைவிட நேர்மையானது. அது எரிய ஏறத்தாழ 1.75 ஆம்பியர் வேண்டும். அவ்வளவு கரண்ட் ஓடும்போது கெட்ட மூட்டில் வோல்ட் விழும், பல்பு மங்கிக் காட்டிக்கொடுக்கும். பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் பெட்டி, அங்கிருந்து சுவிட்ச், அங்கிருந்து விளக்கு என்று சுமையோடு அளந்துகொண்டே போனால் வோல்ட் விழும் இடம் தானாகத் தெரியும். பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது பழுதுபார்ப்பதாகாது, கடைக்காரருக்குச் செய்யும் தருமம்.

ஃப்யூஸ் பற்றிச் சொல்லப் புதிதாக ஒன்றுமில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது. இந்த வண்டிகளில் உள்ள பிளேடு ஃப்யூஸ்களுக்கு நிறமே அளவு: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. சிவப்பு இரண்டு முறை போனதும் பச்சையைச் சொருகுகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். ஃப்யூஸ் காப்பது சாதனத்தை அல்ல, வயரை. பச்சை போட்டதும் அந்த மெல்லிய வயரே ஃப்யூஸாகிவிடும். அது பலகைச் சுவருக்குள், நுரைப் பஞ்சுக்கு நடுவே ஓடுகிறது.

பேட்டரியில்தான் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உலகம் மாறியது. ஈய பேட்டரிக்கு வோல்ட்மீட்டரே ஜாதகம்: ஓய்வில் 12.6-க்கு மேல் என்றால் நிறைவு, 12.1 அருகே என்றால் பாதி. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் 100 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தாலும் 50-தான் கைக்கு வரும். அதன் இடத்தைப் பிடித்த லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியோ ஏறக்குறைய முழுவதையும் தரும். ஆனால் அதன் வோல்ட் பெரும்பகுதி நேரம் ஒரே இடத்தில் நிற்பதால் மீட்டரை வைத்து மிச்சத்தைச் சொல்ல முடியாது; உள்ளே போனது, வெளியே வந்தது என்று ஆம்பியரை எண்ணும் ஷன்ட் வேண்டும். உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யவும் கூடாது. ‘பழையதைக் கழற்று, புதியதை வை’ என்று விற்கப்படும் இந்த மாற்றத்தில் ஆல்டர்னேட்டரைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஈய பேட்டரி நிறைய நிறையத் தானே கரண்டை மறுக்கும். லித்தியம் கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொள்ளும். நின்ற வண்டியில் மெதுவாகச் சுற்றும் ஆல்டர்னேட்டர் காற்றோட்டம் குறைந்து, முழுச் சுமையோடு சூடேறிக் கருகும். இடையில் ஒரு டிசி–டிசி சார்ஜர் வைத்து அளவு கட்ட வேண்டும். எரிபொருள் மிச்சத்துக்காக வோல்ட்டைத் தானே ஏற்றி இறக்கும் ஆல்டர்னேட்டர் வந்துவிட்ட புதிய ஐரோப்பிய வேன்களில் இரு பேட்டரிகளையும் இணைத்துவிடும் பழைய ரிலே வீட்டு பேட்டரியைப் பெரும்பாலும் முழுதாக நிறைக்காது. ஆக அங்கேயும் அதே சார்ஜர்தான் வழி.

இதற்கெல்லாம் மேலே இன்வெர்ட்டர். 2,000 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் 12 வோல்ட்டிலிருந்து 167 ஆம்பியர் இழுக்கும். அதன் சொந்த இழப்பையும் சேர்த்தால் 185 அளவுக்குப் போகும். விரல் தடிமன் கேபிள் போட்டுவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் கேபிளின் நுனியை மறக்கிறார்கள். அந்த நுனியில் மாட்டும் உலோக வளையம்தான் லக். சரியாக அழுத்தப்படாத ஒரு லக்கின் தடை ஓமில் நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். அதில் 5 ஆம்பியர் போனால் பிறக்கும் வெப்பம் கால் வாட், யாருக்கும் தெரியாது. 150 ஆம்பியர் போனால் 225 வாட். பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன்கள் பல, அதில் கால் பங்குக்கும் குறைவான வாட்டில் ஈயத்தை உருக்குகின்றன. அந்த 225 வாட், காப்பி போட இன்வெர்ட்டரை இயக்கிய அந்த ஐந்து நிமிடமும் கட்டிலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்து சுடும். ஓடும் கரண்ட் அளவுக்குள்தான் இருக்கிறது. ஆகவே ஃப்யூஸ் போகாது. ஷாக் அடிக்காத பக்கம் என்ற தைரியத்தில் ஸ்பானரும் சுத்தியலும் கொண்டு நசுக்கிய மூட்டு இது.

மூட்டை ஈயம் வைத்துப் பற்றவைப்பதா, கருவியால் அழுத்திக் கிரிம்ப் செய்வதா என்று ஓயாத வாதம் உண்டு. அதிர்ந்துகொண்டே ஓடும் வண்டிக்கு நல்ல கருவியால் செய்த கிரிம்ப்தான் சரி என்பேன். உருகிய ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரை ஓர் இடத்தில் விறைக்கச் செய்கிறது. விறைத்த இடத்தின் ஓரத்தில் அது முறியும். மூட்டைப் போலவே ஃப்யூஸிலும் கவனம் வேண்டும்: பெரிய லித்தியம் பேட்டரி ஷார்ட்டானால் கணப்பொழுதில் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். சாதாரண ஃப்யூஸ் உருகியும்கூட நடுவே நெருப்புப் பாலம் நின்றுவிடலாம். அதனால்தான் ‘கிளாஸ் டி’ எனப்படும் விலை கூடிய ஃப்யூஸை பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொல்கிறார்கள்.

இனி அந்தப் பக்கம். மாறுமின்சாரத்தை எலக்ட்ரீஷியனிடம் விடுவது நல்லதுதான், ஆனால் அவருக்கும் மோட்டார்ஹோம் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் அடிக்கடி சொல்லப்படும் விபத்து இது: வீட்டு முற்றத்தில் வண்டிக்கு 30 ஆம்பியர் சாக்கெட் வைக்கச் சொன்னதும், உரிமம் பெற்ற வீட்டு எலக்ட்ரீஷியன் அது துணி உலர்த்தியின் சாக்கெட் போல இருக்கிறதே என்று 240 வோல்ட் கொடுத்துவிடுவார். வண்டிக்கு வேண்டியது 120. சொருகிய நொடியில் மைக்ரோவேவும் சார்ஜரும் சாம்பல். சொருகுவதற்கு முன் மீட்டரை வைத்துப் பார்க்கத் தெரிந்த சொந்தக்காரருக்கு இந்த நஷ்டம் இல்லை.

பெரிய வண்டிகளின் 50 ஆம்பியர் இணைப்பில் வேறொரு வில்லங்கம். அங்கே 120 வோல்ட் ஃபேஸ் இரண்டு, நடுவில் பொது நியூட்ரல். மின்பெட்டியின் சாக்கெட் தேய்ந்து நியூட்ரல் மட்டும் விட்டுப்போனால் இரு பக்கச் சுமைகளும் 240 வோல்ட்டுக்குள் வரிசையாகக் கோத்துக்கொள்கின்றன. ஒரு பக்கம் 1,200 வாட் ஹீட்டர், மறுபக்கம் 120 வாட் டி.வி. என்றால், டி.வி.யின் தலையில் 218 வோல்ட் இறங்கும். ஃபேஸ் போனால் விளக்கு அணையும். நியூட்ரல் போனால் விளக்கு வெடிக்கும். திடலுக்குத் திடல் மாறி மாறிச் சொருகும் வண்டிக்கு, வோல்ட்டைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடும் காவல் கருவி ஆடம்பரமல்ல.

உயிரைக் குடிக்கும் கோளாறு எர்த்தில் இருக்கிறது. ரப்பர் டயர்மேல் நிற்கும் வண்டிக்கு நிலத்தோடு தொடர்பு கேபிளின் எர்த் வயர் ஒன்றுதான். அது விட்டுப்போய், உள்ளே எங்காவது கசிவும் இருந்தால் வண்டியின் உடம்பு முழுவதும் உயிர்பெறும். உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஈரப் புல்லில் நின்று கதவுக் கைப்பிடியைப் பிடிப்பவருக்குத் தெரியும். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல், பிடித்ததை விடமுடியாமல் தசை இறுகும் அளவை ஆட்களை வைத்தே அளந்தவர்: 60 ஹெர்ட்ஸ் கரண்டில் ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. கசிவைக் கண்டு துண்டிக்கும் கருவியை 1961-இல் உருவாக்கியவரும் அவரே. அமெரிக்காவில் அது 5 மில்லி ஆம்பியர் அளவில் துண்டிக்கும். ஐரோப்பியக் கருவி 30 வரை பொறுக்கும். ஆனால் அமெரிக்கத் திடல்களின் 30, 50 ஆம்பியர் சாக்கெட்டுகளில் இந்தக் காவல் பெரும்பாலும் இராது. வண்டிக்குள் சில பிளக்குகளுக்கு மட்டுமே இருக்கும்.

இதோடு சேர்ந்த நுட்பம்தான் சொந்தக்காரர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம். வண்டிக்குள் நியூட்ரலும் எர்த்தும் ஒட்டக் கூடாது; அவை சேர வேண்டியது மின்சாரம் பிறக்கும் இடத்தில், அதாவது வெளி இணைப்பின் மூலத்திலோ ஓடும் ஜெனரேட்டரிலோ. இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் அதற்குள் சேர வேண்டும், வெளி மின்சாரம் வந்ததும் பிரிய வேண்டும். மோட்டார்ஹோமுக்கென்றே செய்த இன்வெர்ட்டர் இதை ரிலே வைத்துத் தானே பார்த்துக்கொள்ளும். மலிவானது பார்க்காது. வீட்டுப் பழக்கத்தில் இரண்டையும் ஒரே பட்டையில் முறுக்கிவிட்டால் எல்லாம் எரியும், எல்லாம் ஓடும், சுமையின் கரண்டில் ஒரு பங்கு சேசிஸ் வழியாகத் திரும்பிக்கொண்டிருக்கும். ஓடுகிறது என்பதே சான்றாகாத இடம் இது. இங்கே அனுபவசாலியை அழைப்பதில் வெட்கமில்லை.

ஐரோப்பாவில் சுற்றும் பிரிட்டிஷ்காரர்களுக்குத் தனிக் கவலை: பிரான்ஸ் போன்ற நாடுகளின் திடல்களில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறி வருவது. சுவிட்சை அணைத்தாலும் சாதனத்துக்குள் ஃபேஸ் இருக்கும். சோதனை பிளக்கும், வேண்டுமென்றே மாற்றிப் பொருத்திய ஒரு துண்டு வயரும் பையில் வைத்திருப்பார்கள். இரு முனையையும் சேர்த்துத் துண்டிக்கும் பிரேக்கர் உள்ள வண்டிக்கு இந்தப் பதற்றம் அவ்வளவு வேண்டாம்.

சட்டங்கள் ஆளுக்கொரு திசையில் நிற்கின்றன. அமெரிக்கத் தேசிய மின்விதிகளின் 551-ஆம் பிரிவு தொழிற்சாலையைக் கட்டுப்படுத்துகிறது. விற்றபின் சொந்தக்காரர் உள்ளே என்ன செய்தார் என்று வந்து பார்க்கும் தேசிய ஏற்பாடு இல்லை. பிரிட்டனில் பி.எஸ். 7671 விதித்தொகுப்பின் 721-ஆம் பிரிவு கேரவன்களுக்கென்றே இருக்கிறது. ஆண்டுதோறும் நடக்கும் வாகனச் சோதனையோ உள் வயரிங்கைத் தொடுவதில்லை. ஆஸ்திரேலியாவில் உரிமம் இல்லாதவர் 230 வோல்ட் வயரிங்கைத் தொட்டால் குற்றம். நியூசிலாந்து வேறு கேள்வி கேட்கிறது: வயரிங்குக்குத் தனித் தகுதிச் சான்று வாங்கி வண்டியில் ஒட்ட வேண்டும், அது நான்கு ஆண்டுகள் செல்லும். வேலையைச் செய்தது யார் என்பதைவிட, வேலை இப்போது எப்படி இருக்கிறது என்று பார்க்கும் இந்த நான்காவது வழியே எனக்கு அறிவுள்ளதாகப் படுகிறது. ஆனால் அந்தச் சான்றும் வெளி மின்சாரத்தோடு இணைவதைப் பற்றியதே. கட்டிலுக்கு அடியில் உள்ள 150 ஆம்பியர் லக்கை எவரும் வந்து பார்ப்பதில்லை.

என் தீர்ப்பில் கோடு வோல்ட்டில் விழக் கூடாது. நோய் கண்டறிவது, எந்தப் பக்கமானாலும், சொந்தக்காரரின் வேலை. மீட்டரைப் பத்திரமாகப் பிடிக்கத் தெரியாதவருக்கு வண்டியே சற்று அதிகம். 30 ஆம்பியருக்குள் ஃப்யூஸ் உள்ள 12 வோல்ட் மின்சுற்றுகளைத் தாராளமாக அவரே பார்க்கலாம். அதற்கு மேல், பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே உள்ளதை 120 வோல்ட்டுக்குக் கொடுக்கும் அதே மரியாதையோடு அணுக வேண்டும்: சரியான கருவி, கணக்கிட்ட கேபிள், முழுச் சுமையில் ஓடவிட்டு மூட்டின் சூட்டை அளப்பது. இதைச் செய்யத் தெரிந்த சொந்தக்காரர், தெரியாத உரிமக்காரரைவிட மேல்.

இந்த வாதம் சீக்கிரமே இன்னும் சிக்கலாகப் போகிறது. கேபிள் தடிமனைக் குறைக்கவும் ஏசியை பேட்டரியிலேயே ஓட்டவும் சில புதிய வண்டிகள் 48 வோல்ட்டுக்கு மாறிவருகின்றன. அதே 2,000 வாட்டுக்கு ஆம்பியர் கால் பங்காகும், மூட்டின் வெப்பம் பதினாறில் ஒரு பங்காகும்; நல்ல செய்திதான். ஆனால் 12 வோல்ட்டில் எளிதில் அணைந்துவிடும் நேர்மின் தீப்பொறி 48-இல் நீண்டு நிற்கும். 12 வோல்ட்டுக்கென்று வாங்கிய சுவிட்சும் பிரேக்கரும் அதைத் துண்டிக்கப் போதாமல் போகலாம். ஆஸ்திரேலிய–நியூசிலாந்து விதிகளில் நேர்மின்சாரம் 120 வோல்ட் வரை ‘மிகத் தாழ்ந்த மின்னழுத்தம்’ என்ற வகைக்குள் வருகிறது. ஆக 48 வோல்ட்டும் உரிமம் கேட்கப்படாத பக்கத்திலேயே, பழைய 12 வோல்ட் சுவிட்சை மிச்சம் பிடிக்கப் பார்க்கும் சொந்தக்காரரின் கையில்தான் இருக்கிறது.